சாளர உரிமை

அயல்நாட்டு நகரொன்றுக்குச் செல்பவன் அங்குள்ள தேவாலயங்களையும் அரண்மனைகளையும் நூதனசாலைகளையும் பார்த்துத் திரும்புவது வழமை. ஆனால், முன்பின் அறியாத ஒருவர் குடியிருக்கும் வீட்டைப் பார்ப்பதற்காக வரைபடம் விரித்து, வழி விசாரித்துச் செல்வது சற்று விநோதமான காரியமே. நம் ஊரில் ஒருவன் இன்னொருவனுடைய வேலிக்கு வெளியே நின்று வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், ‘ஆரைத் தேடுறியள்?’ என்று அயலவர் கேளாமல் விடமாட்டார்கள். மேனாட்டு நகரங்கள் பலவற்றில் அவ்வாறு யாரும் கேட்பதில்லை. அங்கே சில வீடுகள் பார்க்கப்படுவதற்கென்றே பெயர்பெற்றுவிட்டன.

பார்சலோனாவில் அந்தோனி கௌடி 1906ஆம் ஆண்டுக்கும் 1912ஆம் ஆண்டுக்கும் இடையில் அமைத்த மிலா இல்லம் அத்தகையது. கடலலைபோல வளைந்து நெளியும் அதன் கல்முகப்பைக் கண்ட அந்நகர மக்கள், அதனைக் ‘கல் அகழும் குழி’ என்று எள்ளினர். அதே கட்டடம் 1984இல் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. றொட்டர்டாமில் பீட் புளொம் என்னும் கட்டடக்கலைஞர், கனசதுரங்களை முனை கீழாகச் சரித்துத் தூண்களின்மேல் நிறுத்தியதுபோல வீடுகளை அமைத்தார். 1984இல் நிறைவெய்திய அவ்வீடுகளின் சுவர்கள் சரிவானவை; ஆகையால் தளப்பரப்பிற் கணிசமான பகுதியை ஒருவர் நிமிர்ந்து நின்று பயன்படுத்த முடியாது. உள்ளே எவ்வாறு வாழ்கிறார்கள் என்று அறிய விரும்புவோர் பெருகியமையால், அவற்றுள் ஒரு வீடு பார்வையாளருக்கெனத் திறந்துவைக்கப்பட்டுள்ளது. இவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்க மற்றொரு கட்டடம் ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் உள்ள ஹுண்டேர்ட்வாசர் இல்லம். அவ்வில்லத்தைப் பற்றியும், அதன் முன்னால் நின்று நான் செய்த சிறு பிழையொன்றைப் பற்றியுமே இங்கு எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கருத்தரங்கொன்றில் கலந்துகொள்வதற்காக வியன்னாவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. அமர்வுகள் இல்லாத ஒரு முற்பகலில், முதலாம் இலக்கத் திறாம் வண்டியில் ஏறி, மூன்றாம் வட்டாரத்திலே இறங்கினேன். ஒரே நிறமும் ஒரே உயரமும் கொண்ட மாடிக் கட்டடங்கள் வரிசையாக நின்ற தெருவில், திருவிழாவுக்குப் புறப்பட்ட பிள்ளைபோல அவ்வில்லம் நின்றது. முகப்பிலே நீலமும் செம்மையும் மஞ்சளும் வெண்மையும் திட்டுத்திட்டாகப் பரந்திருந்தன. ஒரு குடியிருப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அந்நிற வேறுபாடே காட்டிற்று. சாளரங்கள் அளவிலும் வடிவிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. உச்சியிலே வெங்காய வடிவான பொற்கும்பங்கள். மாடி முற்றங்களிலிருந்தும் கூரையிலிருந்தும் மரங்கள் தலைநீட்டின. வாயிலருகே நடைபாதைகூடச் சமமாக இல்லை. மேடும் பள்ளமுமாக அலைபோல ஓடிற்று. அங்கே நின்றவர்களுள் ஏறக்குறைய எல்லோருமே என்னைப்போன்ற உல்லாசப் பயணிகள். எல்லோருடைய முகங்களும் மேல்நோக்கியிருந்தன.

இரண்டாம் மாடியில் ஒரு சாளரம் திறந்திருந்தது. வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் அதன் வழியாகக் கையை நீட்டி, வெளிப்புறத்தே வைத்திருந்த பூஞ்சாடியைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்தார். நீலச் சுவர், சிவந்த பூ, சுருக்கம் விழுந்த வெண்ணிறக் கரம். நல்ல படமாக அமையும் என்று எண்ணிக் கைத்தொலைபேசியை உயர்த்தினேன். அவ்வேளையில் அவர் கீழே பார்த்தார். என் முகத்தையன்றி நான் உயர்த்திய கருவியையே அவர் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. கோபமோ திகைப்போ அவர் முகத்தில் இருக்கவில்லை. கையை உள்ளே இழுத்தார்; சாளரக் கதவைச் சாத்தினார்; திரை விழுந்தது. தினமும் பலமுறை செய்து பழகிய வேலையைச் செய்பவரின் நிதானம் அதில் இருந்தது. என் படத்தில் மூடிய கண்ணாடியும் பூஞ்சாடியுமே விழுந்திருந்தன.

அன்று மாலை, அந்நகரத்தவரான நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘அவர் அப்போது தமது உரிமையை அனுபவித்துக்கொண்டிருந்தார், நீங்கள்தான் அதனை இடைமறித்துவிட்டீர்கள்’ என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றே முதலில் எண்ணினேன். அவர் கூறியதன் பொருளை விளங்கிக்கொள்வதற்கு அவ்வில்லத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்கவேண்டியிருந்தது.

அவ்வில்லம் செல்வந்தர் ஒருவர் தம் ஆசைக்குக் கட்டிய மாளிகையன்று என்பதே முதலில் மனங்கொள்ளத்தக்கது. அது வியன்னா மாநகர ஆட்சியினர் சாதாரண மக்களுக்கு வாடகைக்கு வழங்குவதற்காகக் கட்டிய தொடர்மாடிக் குடியிருப்பு. முதலாம் உலகப் போர் முடிவுற்றபோது வியன்னாவிலே தொழிலாளர் குடும்பங்கள் ஒளியும் காற்றும் புகாத அறைகளில் நெருங்கி வாழ்ந்தன. 1919ஆம் ஆண்டு முதலாக நகராட்சியைப் பொறுப்பேற்ற சமூக ஜனநாயகவாதிகள், 1923இல் வீடமைப்புக்கெனத் தனி வரியொன்றை விதித்தனர். பெரிய மாளிகைகளுக்குப் பெருந்தொகையும் சிறிய வீடுகளுக்குச் சிறுதொகையுமாக அவ்வரி அறவிடப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு 1934ஆம் ஆண்டுக்கு முன்னர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. 1927ஆம் ஆண்டு தொடங்கி 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் முற்றம் அவற்றுட் பெரும் புகழ் வாய்ந்தது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்லும் அக்கட்டடத்தில் ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. 1934 பெப்ரவரியில் மூண்ட உள்நாட்டுச் சண்டையின்போது இராணுவம் அதன்மீது பீரங்கி கொண்டு சுட்டது என்பதும் வரலாறு. இன்றும் வியன்னா மாநகரம் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு உரிமை பூண்டிருக்கிறது. ஹுண்டேர்ட்வாசர் இல்லம் இந்த நீண்ட மரபில் வந்த ஒரு பிள்ளையே. அயலவர் கண்ணுக்கு மட்டுந்தான் அது தனிப்பிறவியாகத் தோன்றுகிறது.

இனி, ஹுண்டேர்ட்வாசர் என்பவர் யார்? அவர் கட்டடக்கலைஞர் அல்லர், ஓவியர். 1928இல் வியன்னாவிலே பிறந்தவர். ஸ்தோவாசர் என்பது அவருடைய குடும்பப் பெயர். சிலாவிய மொழிகளில் ‘ஸ்தோ’ என்பது நூறு எனப் பொருள்படும். அப்பகுதியை ஜெர்மன் மொழியாக்கி ‘நூறு நீர்’ எனப் பொருள்தரும் பெயரை அவரே சூடிக்கொண்டார். பிறந்து ஓராண்டு அளவில் தந்தையை இழந்தார். தாயார் யூதர். 1938இல் ஒஸ்திரியா ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்ட பின்னர், தாயும் மகனும் உயிர்தப்பி வாழ்ந்ததே பெரும்பாடாயிற்று. சந்தேகத்திற்கு ஆளாகாதிருக்கும்பொருட்டு அச்சிறுவன் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் சீருடையையும் அணிய நேர்ந்தது. தாய்வழி உறவினர் பலர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். வரிசை, சீருடை, நேர்கோடு ஆகியவற்றின்மீது பிற்காலத்தில் அவர் கொண்ட வெறுப்புக்கு அக்காலத்திலேயே வித்திடப்பட்டிருக்கவேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

1958இல் அவர் வெளியிட்ட பிரகடனமொன்று, நேர்கோட்டைக் கடுமையாகக் கண்டித்தது. கட்டடக்கலைஞர் கட்டிக் கொடுத்த பெட்டிக்குள்ளே கோழிகளைப்போல மக்கள் அடைக்கப்படுகிறார்கள் என்பது அவருடைய வாதம். வியன்னாவின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான அடொல்ஃப் லூஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரத்தைக் குற்றமெனச் சாடியிருந்தார். லூஸின் பிடியிலிருந்து விடுபடவேண்டும் என்று 1968இல் அதே நகரில் ஹுண்டேர்ட்வாசர் அறைகூவினார். அவர் கேட்டது வெறும் அழகன்று. தாம் வாழும் வீட்டை மாற்றியமைக்கும் உரிமை குடியிருப்பவருக்கு வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அவ்வுரிமையின் மிகச் சிறிய வடிவத்துக்கு அவர் ‘சாளர உரிமை’ என்று பெயரிட்டார். வாடகை வீட்டில் இருப்பவர் தமது சாளரத்தின் வழியே எட்டிக் கையை நீட்டி, அக்கை எட்டும் தூரம்வரை வெளிச்சுவரைத் தம் விருப்பப்படி வண்ணம் தீட்டவும் மாற்றவும் உரிமையுடையவராதல் வேண்டும். உள்ளே ஒரு தனி மனிதர் வாழ்கிறார் என்பதைத் தெருவில் நிற்பவர் தொலைவிலிருந்தே அறிதல் வேண்டும். சாளர உரிமையின் சாரம் இவ்வளவே.

அரசாங்கத் தலைவராக இருந்த புரூனோ கிரைஸ்கி, ஹுண்டேர்ட்வாசருக்கு வீடொன்று அமைக்கும் வாய்ப்பை வழங்குமாறு 1977இல் வியன்னா மேயருக்கு எழுதினார். ஓவியருடன் சேர்ந்து பணியாற்றுவதற்கு யோசெப் கிறவினா என்னும் கட்டடக்கலைஞர் நியமிக்கப்பட்டார். அவர் முதலில் அமைத்துக் கொடுத்த மாதிரி நேர்கோடுகளால் ஆனது என்று கண்ட ஓவியர் அதனை ஏற்கவில்லை. பின்னர் பீற்றர் பெலிக்கான் என்பவர் அப்பொறுப்பை ஏற்றார். 1983இல் தொடங்கிய வேலை 1985இல் நிறைவெய்தியது. ஐம்பதுக்கு மேற்பட்ட குடியிருப்புகளும், சுமார் 250 மரங்களும் செடிகளும் அதில் இடம்பெற்றன. அவ்விடத்தில் அழகற்ற கட்டடமொன்று எழுவதைத் தடுத்தமையே தமக்குப் போதும் என்று கூறி, ஓவியர் தம் பணிக்கு ஊதியம் பெற மறுத்துவிட்டார். ஆயினும் அவ்வில்லம் யாருடைய படைப்பு என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. கிறவினாவும் அதன் இணை ஆக்கியோர் என 2010இல் ஒஸ்திரிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஹுண்டேர்ட்வாசர் அப்போது உயிரோடிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டிலே பசிபிக் கடலிற் கப்பலொன்றில் அவர் காலமானார். தாம் நேசித்த நியூசிலாந்து மண்ணில், ஒரு மரத்தின் கீழ் அடக்கஞ்செய்யப்பட்டார்.

குடியிருப்பவருக்கெனக் கட்டப்பட்ட அவ்வில்லம், திறக்கப்பட்ட நாள் முதலாகப் பார்வையாளரின் உடைமையாயிற்று. பஸ் வண்டிகள் வந்தன. மக்கள் வாழும் வீடாகையால் உள்ளே எவரையும் அனுமதிக்க முடியாது. ஆகவே, எதிர்ப்புறத்திலிருந்த பழைய வாகன ரயர்த் திருத்தகமொன்று 1990-91இல் ஹுண்டேர்ட்வாசரின் எண்ணப்படியே மாற்றியமைக்கப்பட்டு, கடைகளும் சிற்றுண்டிச்சாலையும் கொண்ட ‘கிராமம்’ ஒன்றாக ஆக்கப்பட்டது. சிறிது தூரத்தில் அவருடைய ஓவியங்களுக்கென நூதனசாலையொன்றும் 1991இல் திறக்கப்பட்டது. கூட்டத்தை வேறிடம் திருப்புவதற்கு இவை ஓரளவு உதவியிருக்கலாம். ஆயினும் கூட்டம் வீட்டைப் பார்க்கவே வருகிறது.

இங்கேதான் என் நண்பரின் வார்த்தை எனக்குத் தைத்தது. தமிழிலே சாளரத்துக்குப் பல பெயர்கள் உண்டு. ‘காலதர்’ என்பது பழைய சொல். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழி அது. ‘பலகணி’ என்பது பல கண்களை உடையது எனப் பொருள்படும். நாம் நாள்தோறும் வழங்கும் ‘யன்னல்’ போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. காற்றுக்கான வழி, பார்வைக்கான கண் என்னும் இரண்டுமே உள்ளே இருப்பவரின் பக்கம் நின்று இடப்பட்ட பெயர்கள். உள்ளிருப்பவர் காற்று வாங்குகிறார், உள்ளிருப்பவர் பார்க்கிறார். ஹுண்டேர்ட்வாசர் இவற்றோடு கையையும் சேர்த்தார். உள்ளிருப்பவர் கை நீட்டலாம். அந்த மூதாட்டி அன்று செய்தது அதுவே. தம் கை எட்டும் தூரத்துக்குள், தமக்கு விருப்பமான முறையில், ஒரு பூஞ்சாடியைத் திருப்பினார். அந்த உரிமைக்காக ஓர் ஓவியர் இருபதாண்டுகளுக்கு மேலாக வாதாடியிருந்தார். ஒரு மாநகரம் பொதுப்பணத்தில் வீடு கட்டியிருந்தது. அதை முழுதாக வியந்து நோக்க வந்த நான், அதன் பயனாகிய அந்தக் கையை உள்ளே போகச் செய்துவிட்டேன்.

இதனை எழுதும்போது, எனக்கு இன்னும் ஆழமாக வெட்கந் தருவது வேறொன்று. பார்க்கப்படும் வீட்டின் உள்ளிருந்து வளர்ந்தவன் நான்.

என் அப்பப்பா மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகப் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் 1930களின் இறுதியில் வலிகாமத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பினார். அக்காலத்தில் உலகின் பல நகரங்களிலும், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலுங்கூட, கப்பலின் சாயலை ஏற்ற கட்டடப் பாணியொன்று பரவியிருந்தது. மூலைகள் வளைந்திருக்கும், மேன்மாடியிலே கப்பற்றளம்போலக் கம்பிவேலி ஓடும், சுவரிலே வட்டச் சாளரங்கள் இருக்கும். அதைக் கண்டு மனம்பறிகொடுத்த அப்பப்பா, பனையும் கிடுகுவேலியும் சூழ்ந்த எங்கள் காணியிலே அத்தகைய வீடொன்றைக் கட்டுவித்தார். ஊரார் அதனைக் ‘கப்பல் வீடு’ என்றனர். கலியாண வீட்டுக்காரர் அவ்வழியாற் போகும்போது வண்டியை நிறுத்திப் பார்த்துச் செல்வார்களாம். அப்பப்பாவுக்கு அது பெருமை. அப்பாச்சிக்கோ அது ஓயாத உபத்திரவம். வீட்டு முகப்பிலே நீற்றுப்பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார், கண்ணூறு கழித்தார், வீதிப்பக்கத்து வட்டச் சாளரங்களுக்கு உட்புறமாகத் துணி தைத்து மறைத்தார். கடற்காற்று வரவேண்டுமென்று அப்பப்பா வைத்த சாளரங்கள், பார்ப்பவருக்கு அஞ்சி மூடியே கிடந்தன. அப்பாச்சியின் செயலை மூடநம்பிக்கை என்று மாணவனாக இருந்த காலத்தில் நான் பரிகசித்ததுண்டு. பிறர் பார்வை ஒரு வீட்டுக்கு ஏதோ செய்கிறது என்பதை அவர் தமக்குத் தெரிந்த மொழியில் அறிந்து வைத்திருந்தார் என்றே இன்று எண்ணுகிறேன்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாங்களும் புறப்பட்டோம். மறுவருடம் திரும்பியபோது கப்பலின் முகப்பு உடைந்திருந்தது. மேற்றளம் ஒருபுறமாகச் சரிந்திருந்தது. எஞ்சிய பின்னறைகள் மூன்றில் அம்மா குடியிருந்தார். 2009இல் போர் முடிந்து ஏ-9 வீதிவழியாக மக்கள் தாராளமாக வரத்தொடங்கிய பின்னர், மாதகற் கரையோரத்து விகாரைக்கு யாத்திரை செய்வோரின் பஸ் வண்டிகள் எங்கள் வீதியாலும் சென்றன. சில வண்டிகள் எங்கள் வீட்டின் முன்னால் நின்றன. இறங்கியவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வந்த குடும்பத்தினர். விநோதமான வடிவுடன் உடைந்து நிற்கும் கட்டடமொன்றைக் கண்டார்கள், படம் எடுத்தார்கள், சிலர் அதன் முன்னால் நின்றும் எடுத்துக்கொண்டார்கள். கொடியிலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, ஈரத்துணியோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்த என்னிடம் அன்றிரவு அவர் சொன்னது இது: “வீட்டைப் பாக்கட்டும் தம்பி, அதில எனக்கொண்டுமில்லை. உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

வியன்னாவிலே அந்தத் திரை விழுந்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்திருக்கவேண்டும். வரவில்லை. படம் கெட்டுவிட்டதே என்றுதான் அப்போது எண்ணினேன். நண்பர் கூறிய பிறகே, கதவுக்குப் பின்னால் ஈரத்துணியோடு நின்ற அம்மாவை நினைத்தேன். பார்க்கப்பட்டவன் என்ற அனுபவம் மட்டும் ஒருவனைப் பிறரைப் பார்க்கக் கற்றவனாக ஆக்கிவிடுவதில்லை போலும்.

இரு வீடுகளும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஒன்று பொதுப்பணத்தில் அழகுற எழுந்தது. மற்றது போரிலே உடைந்தது. வியன்னாவில் வாழ்பவர் அது பலரும் பார்க்கும் வீடென்று அறிந்தே குடிபுகுகிறார். என் அம்மாவிடம் யாரும் அவ்வாறு கேட்டதில்லை. அன்றியும், பார்ப்பதே குற்றம் என்று வாதிடுவதும் எனக்கு உடன்பாடன்று. வீதியை நோக்கியெழும் முகப்பு ஓரளவுக்கு வீதிக்கும் உரியது. ஹுண்டேர்ட்வாசர் இல்லத்தைப் பகட்டு என்றும் மலிவான அலங்காரம் என்றும் கட்டடக்கலைஞர் பலர் பழித்துள்ளனர். அதைப் பார்க்க வருகின்ற சாதாரண மக்களோ, தம் ஊரிலே தாம் வாழும் சாம்பல்நிறப் பெட்டிகளை எண்ணி, இப்படியும் ஒரு வீடு இருக்கலாமா என்று வியந்து செல்கின்றனர். அவ்வியப்பு வீணானதன்று. அவர்கள் வராவிடின் சாளர உரிமை என்னும் எண்ணம் வியன்னாவின் ஒரு தெருவோடு நின்றுபோயிருக்கும். நானும் அதை அறிந்திருக்கமாட்டேன்.

வாழ்ந்தவர் மறைந்தபின் பார்வைக்குத் திறக்கப்படும் வீடுகளும் உள. ஜெஃப்ரி பாவா 2003இல் மறைந்த பின்னர், கொழும்பிலுள்ள அவருடைய வீட்டையும் பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கைத் தோட்டத்தையும் முன்கூட்டியே அறிவித்துச் சென்று பார்க்கலாம். அங்கே நம் பார்வை யாரையும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கச் செய்வதில்லை. உயிருள்ள வீட்டின் நிலை வேறு. அங்கே பார்ப்பவன் விருந்தினனும் அல்லன், அந்நியனும் அல்லன், இரண்டுக்கும் இடையில் நிற்பவன். அந்த இடைநிலைக்குரிய ஒழுக்கம் எது என்பதே வினா.

இதற்கு எங்கள் ஊர்வழக்கிலே ஒரு விடை உண்டு என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் செல்பவர், படலை திறந்திருந்தாலும் நேரே உள்ளே போவதில்லை. படலையடியில் நின்று, வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். அக்குரலுக்குப் பதில் வரும்வரை முற்றத்தை அளவெடுப்பதுபோலப் பார்ப்பதும் மரியாதையன்று என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். கூப்பிடுதல் என்பது, உள்ளே ஆள் உண்டு என்று ஏற்றுக்கொள்ளுதல். வியன்னாவின் தெருவில் நின்று இரண்டாம் மாடியை நோக்கி நான் கூவியிருக்க முடியாதுதான். ஆனால், கருவியை உயர்த்துமுன் அந்தக் கையைக் கையாக ஒரு கணம் பார்த்திருக்கலாம். அவர் பார்த்தபோது ஒரு தலையசைப்பாவது செய்திருக்கலாம். அவர் சாளரத்தைச் சாத்தியிருந்தாலுங்கூட, ஒரு மனிதனைப் பார்த்துச் சாத்தியிருப்பார்.

நமது பல்கலைக்கழகத்திலும் ஆண்டுதோறும் களப்பயணங்கள் செல்கிறோம். வளவுகளையும் லயன் வீடுகளையும் மீள்குடியேற்றக் கிராமங்களையும் பார்க்கிறோம்; குறிப்பேட்டில் எழுதுகிறோம்; படம் எடுக்கிறோம்; பின்னர் அவை ஆய்வுக்கட்டுரைகளாகின்றன. கற்பதற்காகப் பார்க்கிறோம் என்னும் எண்ணம் நம் பார்வைக்குத் தனிச் சலுகை எதையும் தந்துவிடுவதில்லை. நம் ஆய்வின் சட்டகத்துக்குள் அழகாக அமையும் பொருட்டு எத்தனை கைகள் உள்ளே இழுக்கப்பட்டன என்று நாம் கணக்கெடுப்பதில்லை.

வியன்னாவிலிருந்து புறப்படும் நாளன்று அதிகாலையில் மீண்டும் அத்தெருவுக்குச் சென்றேன். பஸ் வண்டிகள் இன்னும் வரவில்லை, கடைகள் திறக்கப்படவில்லை. இரண்டாம் மாடிச் சாளரம் பாதி திறந்திருந்தது; யாரும் அங்கே நிற்கவில்லை. பூஞ்சாடி வெளியே, வேறொரு பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். படம் எடுக்கவில்லை. முதல் நாள் எடுத்த படம் மட்டும் இன்றும் என்னிடம் இருக்கிறது. மூடிய சாளரம், கண்ணாடியிலே, தெளிவற்ற நிழலாக, கையை உயர்த்தி நிற்கும் என் உருவம்.